ஆள் எடுக்கிற வேலை, ஆளை வளர்க்கிற வேலை: ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எச்.ஆர்., அதாவது மனிதவள வேலை பார்ப்பவன் என்பதால், கல்லூரிக்குப் பேசப் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் சரி, யாராவது ஒருவர் இந்தத் துறையைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. அதிகம் வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு ஒரு வரியே போதும்.

டேலண்ட் அக்விசிஷன், டேலண்ட் மேனேஜ்மெண்ட் இரண்டும் ஒரே வேலையா?

வேறு வேறு. ஆள் வேண்டும் என்று ஒரு துறைத் தலைவர் சொன்னதிலிருந்து, அந்த ஆள் வந்து அடையாள அட்டை வாங்கிக்கொள்வது வரைக்கும் உள்ளது டேலண்ட் அக்விசிஷன், சுருக்கமாக டி.ஏ. என்பார்கள். விளம்பரம் போடுவது, ரெஸ்யூம் தேடுவது, பேசிப் பார்ப்பது, இன்டர்வியூ ஏற்பாடு, சம்பளப் பேச்சு, ஆஃபர் லெட்டர் எல்லாம் அதில் அடங்கும். வந்த ஆளுக்கு என்ன பயிற்சி, எப்போது அடுத்த படி, யார் நாளைய சூப்பர்வைசர், நல்ல ஆள் ஏன் போகிறார் என்பதையெல்லாம் பார்ப்பது டேலண்ட் மேனேஜ்மெண்ட்.

பெரிய கம்பெனியில் இவை தனித்தனி டீம். 200 பேர் வேலை செய்கிற இடத்தில் இரண்டையும் ஒரே ஆள்தான் பார்ப்பார். அவரேதான் கேன்டீன் சாம்பாருக்கும் பஸ் லேட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நம் பக்கத்தில் இதற்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா, பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது, நிறையவே. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980களில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் மூன்றும் இங்கே வேரூன்றின. இப்போது அடுத்த அலை ஓடுகிறது: போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக், ஓசூரில் ஏத்தர், கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், குருபரப்பள்ளியில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ், அப்புறம் சூளகிரி, பர்கூர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டைகள். மின்னணு அசெம்ப்ளி, மின் வாகனம் இரண்டுமே ஆளை நம்பி ஓடும் தொழில்கள். ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும் என்றால், அவர்களைத் தேட, சேர்க்க, தக்கவைக்க ஆட்கள் வேண்டும். அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேலை.

மாநில எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகனி, எலக்ட்ரானிக் சிட்டி. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, ஓசூரில் குடியிருந்துகொண்டு பெங்களூருக்குள் வேலை பார்ப்பதும் முன்பைவிடக் கொஞ்சம் லேசாகியிருக்கிறது.

தர்மபுரிக்காரர்களுக்கு இதே பதிலைச் சொல்ல முடியாது. மாவட்டத்துக்குள் பெரிய தொழிற்சாலைகள் குறைவு. பள்ளி, மருத்துவமனை, மில் நிர்வாகத்தில் எச்.ஆர். என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும்தான். அதைக் குறை சொல்லவில்லை, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கற்றுக்கொள்ள நல்ல இடம். ஆனால் டி.ஏ.வில் வளர வேண்டுமென்றால் இரண்டு மூன்று வருடமாவது ஓசூர்ப் பக்கம் வந்தாக வேண்டும். பாலக்கோடு, ராயக்கோட்டைக்காரர்களுக்கு ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்னும் ரயில் கிடையாது, பஸ்தான்.

என்ன படிக்க வேண்டும்? எம்.பி.ஏ. கட்டாயமா?

ஆள் எடுக்கும் பக்கத்துக்கு எந்தப் பட்டமும் போதும். பி.காம்., பி.ஏ. ஆங்கிலம், பி.எஸ்சி. முடித்தவர்கள் நிறையப் பேர் ரிக்ரூட்டராக இருக்கிறார்கள். மேலே போகும்போதுதான் எம்.பி.ஏ. எச்.ஆர்., எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) போன்ற பட்டம் கேட்பார்கள்.

தொழிற்சாலைக்குள் நிலையான இடம் வேண்டுமென்றால் எம்.எஸ்.டபிள்யூ.வையும் தொழிலாளர் மேலாண்மைப் படிப்பையும் கொஞ்சம் கவனியுங்கள். தொழிலாளர் நல அதிகாரி என்பது சட்டம் கட்டாயமாக்கிய பதவி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி 500 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அவர் வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த அளவை 250 ஆகக் குறைத்திருக்கிறது. இந்தப் பதவிக்கு எல்லாப் பட்டமும் செல்லாது, அரசு ஏற்றுக்கொண்ட படிப்புகள் மட்டுமே செல்லும். சேர்வதற்கு முன்பே உங்கள் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இதற்கென்றே படிப்புகள் நடத்துகிறது. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கும் பேர்போன இடம்.

எம்.பி.ஏ. படிக்க முடிவு செய்துவிட்டால் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளைப் பாருங்கள். ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ, மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) போன்ற இடங்கள் இந்தத் துறைக்கு உச்சம். முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் பெயர் தெரியாத கல்லூரியில் கடன் வாங்கி எம்.பி.ஏ. சேர்வதைவிட, ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் பிறகு தொலைநிலைக் கல்வியில் சேர்வது எவ்வளவோ மேல். இதில் என்னோடு சண்டைக்கு வரும் பேராசிரிய நண்பர்கள் உண்டு.

பி.இ. மெக்கானிக்கல் படித்துவிட்டு எச்.ஆருக்கு வந்தால் வீணாகிவிடாதா?

ஆகாது. சிஎன்சி (கணினி கட்டுப்படுத்தும் மெஷின்) ஆபரேட்டருக்கும் சிஎன்சி புரோகிராமருக்கும் வித்தியாசம் தெரிந்த ரிக்ரூட்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. டை, ஜிக், ஃபிக்சர் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் பேசும்போது தலையாட்டாமல் எதிர்க்கேள்வி கேட்க உங்களால் முடியும். அந்த ஒன்றுக்காகவே உங்களை வைத்துக்கொள்வார்கள். பர்கூர், தர்மபுரி அரசுப் பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

முதலில் கன்சல்டன்சியில் சேரலாமா, நேரடியாகக் கம்பெனியில் சேரலாமா?

கன்சல்டன்சியில் வேகம் வரும். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது போன், வாரத்துக்கு ஒரு டார்கெட். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் எந்தச் சொல்லை எப்படிச் சேர்த்துத் தேடினால் சரியான ஆள் கிடைப்பார் என்பது கைக்கு வந்துவிடும். அவர்களுடைய வருமானக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால், அவருடைய வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கட்டணம் வாங்குவது பரவலான வழக்கம். மூன்று மாதத்துக்குள் அந்த ஆள் போய்விட்டால் மாற்று ஆள் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

இந்த மூன்று மாதத்தில்தான் சிக்கல். நான்காவது மாதம் அந்த ஆள் இருந்தால் என்ன, போனால் என்ன என்ற மனநிலை நமக்கே தெரியாமல் வந்துவிடும். ஒன்றரை இரண்டு வருடம் கன்சல்டன்சியில் கற்றுக்கொண்டு, கம்பெனிப் பக்கம் வந்துவிடுங்கள். சேர்த்துவிட்ட ஆள் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்று அங்கேதான் பார்க்க முடியும். அதைப் பார்க்காதவர் நல்ல ரிக்ரூட்டராக ஆக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சேருகிறவர்கள் ஏன் ஒரே மாதத்தில் நின்றுவிடுகிறார்கள்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்குள்தான் மொத்தத் தொழிலும் இருக்கிறது. நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 400 பேர் உள்ள இடத்தில் மாதம் 20 பேர் போனால் அந்த மாத அட்ரிஷன், அதாவது ஆள் விலகும் விகிதம், 5 சதவீதம். அப்படியே ஓடினால் வருடத்துக்கு 240 பேர். இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் எல்லாரும் தலையைச் சொறிவார்கள். அதை உடைத்துப் பாருங்கள். போன 20 பேரில் சேர்ந்து 30 நாளுக்குள் போனவர்கள் எத்தனை, 90 நாளுக்குள் எத்தனை, ஒரு வருடம் கழித்துப் போனவர்கள் எத்தனை? 30 நாளுக்குள் போனவர்கள் அதிகம் என்றால் ஆள் எடுக்கும்போது சொன்னதற்கும் உள்ளே பார்த்ததற்கும் பொருத்தமில்லை, அது டி.ஏ. டீமின் பிரச்சினை. ஒரு வருடம் கழித்துப் போகிறார்கள் என்றால் சம்பள உயர்வோ, சூப்பர்வைசரோ, அடுத்த படி தெரியாததோ காரணமாக இருக்கும். அது டேலண்ட் மேனேஜ்மெண்ட் பார்க்க வேண்டியது.

அடுத்து, ஊர்வாரியாகப் பிரியுங்கள். பஸ் ரூட் வாரியாகவும் பிரியுங்கள். காலை 6 மணி ஷிஃப்டுக்குக் காவேரிப்பட்டணத்திலிருந்து வருகிற பெண் மூன்றரைக்கே எழுந்தாக வேண்டும். ஒரே ரூட்டில் இருந்து வருகிறவர்கள் வரிசையாக நின்றால் பிரச்சினை வேலையில் இல்லை, பஸ்ஸில். ஒரே உற்பத்தி லைனில் உள்ளவர்கள் நின்றால் அந்த லைன் சூப்பர்வைசரின் வாயைக் கவனியுங்கள். ஹாஸ்டலில் இருப்பவர்கள் மட்டும் நின்றால் ஹாஸ்டல் சாப்பாட்டை ஒரு வேளை நீங்களே போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள்.

காலண்டரும் முக்கியம். மே, ஜூனில் மாங்காய் சீசன், ஆடியில் ஊர் ஊராக மாரியம்மன் பண்டிகை, ஆடிப்பெருக்கு, தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுவாரம், பொங்கல். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்பு உள்ள வீட்டுப் பிள்ளைகள் சீசனில் லீவு கேட்பார்கள், கிடைக்காவிட்டால் நின்றுவிடுவார்கள். பெங்களூர் ஆபீஸில் உட்கார்ந்து எக்ஸெல் பார்ப்பவருக்கு இது புதிராக இருக்கும். உங்களுக்குப் புதிராக இருக்காது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம் இருக்கிற பெரிய பலம் இதுதான், அதை ரெஸ்யூமில் யாரும் எழுதுவதில்லை.

கடைசியாக, நின்றவர்களிடம் காரணம் கேட்கும் விதம். போகிற அன்றைக்குக் கேட்டால் ‘வீட்ல வேலை இருக்கு சார்’ என்றுதான் வரும். செட்டில்மெண்ட் பணம் கைக்கு வர வேண்டுமே, யார் வம்பை விலைக்கு வாங்குவார்கள்? ஒரு மாதம் கழித்து, பணமெல்லாம் வந்த பிறகு, போன் போட்டுக் கேளுங்கள். உண்மை அப்போதுதான் வரும்.

சி.டி.சி. 23 ஆயிரம் என்றார்கள், கைக்கு 18 ஆயிரம்தான் வந்தது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை, ஆனால் விளக்கிச் சொல்லவில்லை. சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, கைக்கு வரும் சம்பளம் இல்லை. ஓர் உதாரணம். மாதச் சம்பளம் 20,000, அதில் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், 1,800. ஈ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 150. கைக்கு வருவது 18,050. கம்பெனி தன் பங்காக பி.எஃப். 1,800, ஈ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் என்ற கணக்கில் 650, பணிக்கொடைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று சுமார் 722 ஒதுக்கும். இவற்றைக் கூட்டினால் சி.டி.சி. 23,172. சில்லறைக் கட்டணங்களை விட்டுவிட்டேன்.

ஆள் எடுக்கிறவர் இதை ஒரு தாளில் எழுதி, தமிழில், சேருவதற்கு முன்பே காட்டிவிட்டால் முதல் சம்பள நாளில் நடக்கும் பாதிச் சண்டை நடக்காது. ஈ.எஸ்.ஐ. 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கு என்பதையும், பி.எஃப்.க்கான யு.ஏ.என். எண் கம்பெனி மாறினாலும் கூடவே வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்பா அம்மாவையும் கூட உட்காரவைத்துச் சொன்னால் இன்னும் நல்லது, ஏனென்றால் முடிவு எடுப்பது அவர்கள்தான்.

டேலண்ட் மேனேஜ்மெண்ட் எல்லாம் ஐ.டி. கம்பெனிக்குத்தானே? தொழிற்சாலையில் என்ன இருக்கிறது?

தொழிற்சாலையில்தான் அது கண்ணுக்குத் தெரியும். எந்த லைனுக்குப் போனாலும் சுவரில் ஒரு ஸ்கில் மேட்ரிக்ஸ் தொங்கும். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகளின் பெயர், கட்டத்துக்குள் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். ஒரு கால் பாகம் நிறைந்தால் கற்றுக்கொள்கிறார். இரண்டு என்றால் மேற்பார்வையில் செய்வார். மூன்று என்றால் தனியாகச் செய்வார். வட்டம் முழுக்க நிறைந்தால் இன்னொருவருக்குச் சொல்லித்தருவார். இதை உண்மையாக நிரப்பி வைத்திருக்கிற இடத்தில் நாளை யாருக்குப் பயிற்சி, யாருக்குப் பதவி உயர்வு என்பது தானாகத் தெரியும். ஆடிட் வரும் வாரத்தில் மட்டும் பேனா எடுத்து நிரப்புகிற இடங்களும் உண்டு. இன்டர்வியூவுக்குப் போகும்போது ஷாப் ஃப்ளோரை, அதாவது உற்பத்திக் கூடத்தை, சுற்றிப் பார்க்க விட்டால், அந்தத் தாளில் தேதி எப்போது போட்டது என்று பாருங்கள்.

அந்த மேட்ரிக்ஸில் ஒரு வேலைக்கு ஒரே ஒரு முழு வட்டம்தான் இருக்கிறது என்றால் அங்கே ஆபத்து. 57 வயது மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு மட்டும் பழைய பிரஸ் மெஷினின் வயரிங் தெரியும் என்றால், அவர் ஓய்வுபெறுவதற்கு முன் இரண்டு பேரை அவருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இதையேதான் பெரிய ஆபீஸ்களில் சக்சஷன் பிளானிங் என்று பவர்பாயிண்டில் போடுகிறார்கள்.

டைட்டன் ஓசூரில் தொடங்கிய காலத்தில், கைக்கடிகாரம் செய்யத் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கம் எங்கே இருந்தார்கள்? பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் ஆளாக்கினார்கள். தேடிக் கிடைக்காத ஆளை உருவாக்கிக்கொள்வதும் இந்தத் துறையின் வேலைதான்.

அப்ரண்டிஸ் எடுப்பதும் இந்த வேலையில் சேருமா?

சேரும். அப்ரண்டிஸ் என்றால் வேலை பழகுகிறவர். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டமும் அதன் விதிகளும் அப்படிச் சொல்கின்றன. ஐ.டி.ஐ.களோடு பழக்கம் வைத்துக்கொள்ளும் புது ரிக்ரூட்டர் சீக்கிரம் பேர் வாங்குவார். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் போங்கள். ஒரே நாளில் நூறு பேரிடம் பேசிப் பழகலாம்.

இங்கிலீஷ் சரளமாக வராது. முடியுமா?

ஷாப் ஃப்ளோர் ஆட்களை எடுக்கத் தமிழும் தெலுங்கும் கன்னடமும்தான் வேண்டும். ஓசூரில் பிறந்தவருக்கு இந்த மூன்றும் தெருவிலேயே வந்துவிடுகிறது. வடமாநிலத் தொழிலாளர்கள் வந்த பிறகு கொஞ்சம் ஹிந்தியும் கைகொடுக்கும். இன்ஜினீயர், மேனேஜர் பதவிக்கு ஆள் எடுக்க இங்கிலீஷ் வேண்டும். மெயில் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தால் முதல் இரண்டு வருடம் ஓட்டிவிடலாம். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ தளத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இருக்கிறது, படிக்கும்போதே முடித்துவிடுங்கள்.

என் பெண்ணை இந்த வேலைக்கு அனுப்பலாமா? ராத்திரி வேலை இருக்குமா?

அனுப்பலாம்மா. ரிக்ரூட்டருக்குப் பெரும்பாலும் பகல் வேலைதான். பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் தொழிற்சாலைகளில் பெண் எச்.ஆர். இல்லாமல் முடியாது; ஓலா தன் போச்சம்பள்ளித் தொழிற்சாலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தது. ஆனால் ஹாஸ்டல், ஷிஃப்ட் மாற்றம் பார்க்கும் பொறுப்பு வந்தால் நேரம் முன்பின் ஆகும். பெண்களை இரவு ஷிஃப்டில் போட அவர்கள் சம்மதம் சட்டப்படி வேண்டும். சேருகிற இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். 10 பேர் வேலை செய்தாலே அந்தக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். கேட்டதற்கு முகம் சுளிக்கிற கம்பெனி வேண்டாம்.

வேலை வாங்கித்தர 20 ஆயிரம் கேட்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். கட்டணம் தருவது கம்பெனி, வேலைக்கு வருகிறவர் இல்லை.

ஏ.ஐ. வந்துவிட்டதே, ரிக்ரூட்டர் தேவையா?

ரெஸ்யூம் வடிகட்டுவது ஏற்கெனவே மென்பொருளிடம் போய்விட்டது. விளம்பரம் எழுதுவதும் இன்டர்வியூ நேரம் குறிப்பதும் போய்க்கொண்டிருக்கின்றன. ரெஸ்யூமே இல்லாத பென்னாகரம் பையனிடம், ‘எட்டு மணி நேரம் நின்னுகிட்டே வேலை தம்பி, உன்னால முடியுமா?’ என்று கேட்டு அவன் முகத்தைப் பார்க்கிற வேலை இன்னும் போகவில்லை. வெறும் போன் போட்டு ஷார்ட்லிஸ்ட் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறவருக்குத்தான் பயம் இருக்க வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் படங்களை வாட்ஸாப் குரூப்பில் போடும் பழக்கம் நம் பக்கம் சர்வ சாதாரணம். 2023இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இன்றே நிறுத்துங்கள்.

முதல் இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

‘எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் கேட்கும் கேள்விகள் இப்படி இருக்கும். 15 நாளில் 60 அசெம்ப்ளி ஆபரேட்டர் வேண்டும், எந்த ஊரில் தொடங்குவாய்? 60 பேர் வரவேண்டிய இடத்தில் 35 பேர்தான் வந்தார்கள், மேனேஜருக்கு என்ன சொல்வாய்? மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது படிப்பைத் தவிர வேறென்ன சோதிப்பாய்? கடைசிக் கேள்விக்குக் கண் பார்வை, நிறம் பிரித்தறிதல், கை நடுக்கம் என்று மூன்றையும் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். அப்புறம் ஒரு லேப்டாப்பைத் திறந்து, எக்ஸெலில் இரண்டு பட்டியல்களை விலுக்அப் (VLOOKUP) போட்டு ஒப்பிடச் சொல்வேன். போவதற்கு முந்தின நாள் அதை மட்டுமாவது பழகிக்கொண்டு போங்கள்.